இயந்திரம் ஓயட்டும், சாரதியும் உறங்கட்டும்

பரிஸ் மாநகரின் லாச்சப்பல் பகுதியில் கடைகளின் கதவுகள் திறக்கப்படுவதற்கு முன்னரே பொருட்கள் வந்து இறங்கிவிடுகின்றன. போபூர் சென் தெனி வீதியிலும் காய் வீதியிலும் முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, குத்தரிசி, மிளகாய்த்தூள், கருவாடு என்று தாயகத்தின் சுவை முழுவதும் அடுக்கி வைக்கப்படுகின்றது. ஏதிலிகளாக வந்து இறங்கிய ஒரு மக்கள் கூட்டம் தன் உழைப்பினால் கட்டியெழுப்பிய வணிகத் தெரு அது. அதில் பெருமை கொள்வதற்கு நியாயம் உண்டு. ஆயினும், அப்பொருட்களைச் சுமந்து வந்த பாரவூர்தியின் சாரதி முந்தைய இரவை எங்கே, எப்படிக் கழித்தார் என்ற கேள்வி மட்டும் அத்தெருவில் எழுவதே இல்லை.

நகரின் வடக்கு வாயிலான போர்த் து லா சப்பலில்தான் ஏ1 நெடுஞ்சாலை தொடங்குகின்றது. சார்ள் து கோல் வானூர்தி நிலையத்தைக் கடந்து, லில் நகர் வரை செல்லும் அச்சாலை பெல்ஜியம், ஒல்லாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் இருந்து வரும் சரக்கிற்குப் பெருவழியாக அமைந்துள்ளது. பெரிய பாரவூர்திகள் பகல் வேளையில் பரிஸ் நகருக்குள் சரக்கு இறக்குவதை மாநகர விதிகள் மட்டுப்படுத்துகின்றன. எனவே, விடியலுக்கு முன் இறக்க வேண்டிய சரக்கோடு வரும் சாரதி, நகருக்கு வெளியே ஏதோவொரு தரிப்பிடத்தில் பல மணி நேரம் காத்திருக்கின்றார். கோடையில் அந்தக் காத்திருப்பு என்பது கண்ணாடியும் இரும்பும் சூழ்ந்த ஒரு சிறிய அறைக்குள் வெந்துகொண்டிருப்பதாகும்.

இயந்திரத்தை ஓடவிட்டால் குளிரூட்டி இயங்கும். நிறுத்தினால் குளிரூட்டியும் நின்றுவிடும். வழமையான பாரவூர்தியில் குளிரூட்டியின் கொம்பிரசர் இயந்திரத்தோடு பட்டியினால் இணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே ஒரு மனிதனின் உறக்கத்திற்காக 12 அல்லது 13 லீற்றர் கொள்ளளவு கொண்ட ஒரு பெரும் இயந்திரம் இரவு முழுவதும் உறுமிக்கொண்டிருக்கின்றது. இது சாரதியின் பொறுப்பின்மை என்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் இது சாரதியின் கைகளில் விடப்பட்ட, ஆனால் சாரதியால் தீர்க்க முடியாத ஒரு சிக்கலாகும்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பிரான்சில் 1963 நவம்பர் 12ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அமைச்சக ஆணை, தரித்து நிற்கும் வாகனங்களின் இயந்திரம் நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. தேவை ஏற்படும் வேளைகள் மட்டும் விதிவிலக்கு; அதற்கு எடுத்துக்காட்டாக அந்த ஆணை குறிப்பிடுவது, குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை முடுக்கும் வேளையை. வாகனப் புகை தொடர்பான வீதிச் சட்ட விதியை மீறுவோருக்குத் தண்டம் 135 யூரோ. குளிர்ந்த இயந்திரத்தை நினைவிற்கொண்ட ஆணை, வெப்பத்தில் வாடும் மனிதனைப் பெயர் சொல்லி நினைவிற்கொள்ளவில்லை.

மறுபுறத்தில், 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 இலக்க ஒழுங்குவிதி, நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளையையும், நாளொன்றுக்குப் பொதுவாக 11 மணி நேரத் தொடர் ஓய்வையும் கட்டாயமாக்குகின்றது. அந்த நாளாந்த ஓய்வை வாகனத்திலேயே எடுக்கலாம். ஆனால் வாகனம் நின்றுகொண்டிருக்க வேண்டும், தகுந்த உறங்கும் வசதி இருக்க வேண்டும். 45 மணி நேர வாராந்த ஓய்வை வாகனத்தில் எடுப்பதற்குத் தடை என்பதை 2020ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாக எழுதியது. அந்த ஓய்விற்கான தங்குமிடச் செலவு தொழில் தருநரையே சேரும் என்றும் அது கூறுகின்றது. ஆனால் நாளாந்த இரவுகள் இன்னமும் சாரதி அறையிலேயே கழிகின்றன. தகுந்த வசதி என்பது எத்தனை பாகை வெப்பத்தில் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இதனோடு மூன்றாவது விதியொன்றும் சேர்கின்றது. ஏழரைத் தொன்னிற்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை பிரெஞ்சுச் சாலைகளில் ஓடுவதற்குத் தடை உண்டு. கோடை விடுமுறைக் காலத்தின் சில சனிக்கிழமைகளில் பகற்பொழுதிலும் தடை நீள்கின்றது. விரைவில் பழுதாகும் உணவுப்பொருட்களுக்கு விலக்கு உண்டு. அரிசி மூட்டைக்கும் மா மூட்டைக்கும் இல்லை. இவ்வாறு, ஓடாதே என்று ஒரு சட்டமும், ஓய்வெடு என்று ஒரு சட்டமும், இயந்திரத்தை நிறுத்து என்று ஒரு சட்டமும் கூறுகின்றன. மூன்றும் தனித்தனியே நல்ல சட்டங்கள்தாம். மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு மனிதன் வேர்வையில் நனைந்து விழித்திருக்கின்றான்.

வெப்பம் என்பது பரிசிற்கு இப்போது விருந்தாளியன்று. 2003ஆம் ஆண்டு ஆகத்து மாத வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 உயிர்கள் பறிபோயின. 2019 யூலை 25ஆம் நாள் பரிசில் 42.6 பாகை செல்சியசு பதிவாகி, முந்தைய உச்சங்கள் அனைத்தையும் கடந்தது. இதனை உணர்ந்தே பிரெஞ்சு அரசு 2025 மே 27ஆம் நாள் ஆணையொன்றை வெளியிட்டு, அதே ஆண்டு யூலை முதலாம் நாளில் இருந்து, வானிலை நிலையத்தின் வெப்ப எச்சரிக்கை வேளைகளில் தொழிலாளரைக் காக்கும் நடவடிக்கைகளைத் தொழில் தருநரின் கடமையாக்கியது. வெப்பத்தைத் தாங்குவது தொழிலாளியின் உடல் வலிமையைப் பொறுத்தது என்ற பழைய எண்ணம் சட்டத்தின் பார்வையில் முடிவிற்கு வந்துவிட்டது.

உறங்காத சாரதியினால் வரும் கேடு அவரோடு நிற்பதில்லை. பிரெஞ்சு நெடுஞ்சாலைகளில் உயிர்பறிக்கும் விபத்துகளின் முதன்மைக் காரணங்களுள் தூக்கக் கலக்கமும் ஒன்று. 40 தொன் எடையுள்ள வாகனம் ஒன்றின் பின்னால், குடும்பத்தோடு சிற்றுந்தில் செல்பவரும் அந்தச் சாரதியின் உறக்கத்தையே நம்பிச் செல்கின்றார். மறுபுறம், இயந்திரத்தை ஓடவிட்டால் அதன் புகை அயலவரின் மூச்சில் கலக்கின்றது. டீசல் இயந்திரப் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. லாச்சப்பலின் ஒடுங்கிய வீதிகளில் கடைகளுக்கு மேலே ஐந்தாறு மாடிகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கீழே இறக்குவதற்காகக் காத்து நிற்கும் ஊர்தியின் புகை அக்குழந்தைகளின் சாளரத்தையே சென்றடைகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போர் வியப்படைவர். நெடுந்தூரப் பாரவூர்தியின் இயந்திரம் சும்மா ஓடும்போது மணிக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் டீசலைக் குடிக்கின்றது. எட்டு மணி நேர உறக்கத்திற்கு ஏறத்தாழ 20 லீற்றர். ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 10 கிலோவாற்று மணி. அதாவது மின்கட்டணப் பட்டியலில் 10 அலகுகள். ஆக, ஓர் இரவில் எரிக்கப்படுவது 200 அலகு ஆற்றல். வெளியேறும் காபனீரொட்சைட்டு 50 கிலோவிற்கும் மேல். ஆனால் அச்சிறிய அறையைக் குளிர்விப்பதற்கு உண்மையில் வேண்டிய மின்சாரம் எவ்வளவு? தரிப்பிடக் குளிரூட்டி எனப்படும் 24 வோல்ற்றுச் சாதனம் முழு வேகத்தில் 25 அம்பியர் அளவு, அதாவது 600 வாற்று எடுக்கின்றது. அறை குளிர்ந்தபின் அது தணிந்து ஓடும். சராசரி 400 வாற்று என்று கொண்டால், இரவு முழுவதற்கும் மூன்று முதல் நான்கு அலகுகள் போதும். நான்கு அலகு வேலைக்கு 200 அலகு எரிபொருளைச் செலவிடுவது எந்தப் பொறியியலிலும் நியாயமாகாது.

அந்த நான்கு அலகுகளைச் சேமித்து வைப்பதில்தான் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. பாரவூர்திகளில் பொதுவாக 12 வோல்ற்று ஈய அமில மின்கலங்கள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் 225 அம்பியர் மணி என்று கொண்டால் இரண்டிலும் சேர்த்து 5.4 அலகுகள். ஆனால் ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். காலையில் இயந்திரம் முடுங்காமலும் போகலாம். எனவே பயன்படுத்தக் கூடியது 2.7 அலகுகளே. அதற்கு மேல் செல்லாதபடி, குளிரூட்டியில் உள்ள பாதுகாப்பு அமைப்பு மின்னைத் துண்டித்துவிடும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குக் குளிரூட்டி நின்றுபோக, சாரதி எழுந்து மீண்டும் சாவியைத் திருப்புகின்றார். பழைய மின்கலங்களோடு குளிரூட்டியை மட்டும் வாங்கிப் பூட்டி, பின்னர் இது பயனற்றது என்று கைவிட்ட உரிமையாளர்கள் தவறவிட்டது இந்தக் கணக்கைத்தான்.

தீர்வு, தனியான லித்தியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம் ஆகும். அதன் கொள்ளளவில் 80 விழுக்காட்டிற்கும் மேல் பயன்படுத்தலாம். 5 அலகு கொள்ளளவுள்ள மின்கலம் ஓர் இரவைத் தாங்கும். இயந்திரத்தை முடுக்கும் மின்கலங்களை அது தொடுவதே இல்லை. மறுநாள் ஓட்டத்தின்போது மின்பிறப்பாக்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் அதனை மீண்டும் நிரப்பிவிடும். அந்த நிரப்புதலுக்கு மேலதிகமாகச் செலவாகும் டீசல் ஏறத்தாழ இரண்டு லீற்றர். 20 லீற்றர் எங்கே, இரண்டு லீற்றர் எங்கே! ஆண்டில் 60 வெப்ப இரவுகள் என்றும், டீசல் லீற்றர் ஒன்றரை யூரோ என்றும் கொண்டால், மீதமாவது ஆயிரத்து அறுநூறு யூரோவிற்கு மேல். சில ஆயிரம் யூரோவில் பொருத்தக்கூடிய இந்த ஏற்பாடு சில கோடைகளிலேயே தன் விலையை ஈட்டிவிடும். இயந்திரத்தின் தேய்மானம் குறைவதும், எண்ணெய் மாற்றும் செலவு குறைவதும் தனி.

வேறு வழிகளும் உண்டு. பகல் ஓட்டத்தின்போது குளிரைப் பனிக்கட்டியாகச் சேமித்து இரவில் வெளிவிடும் சாதனத்தை வெபாஸ்ரோ நிறுவனம் உருவாக்கியது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கருவி மிகக் குறைந்த மின்னிலேயே ஓடும். ஆனால் காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் அதனால் பயன் குறைவு. உலர்ந்த தென் ஸ்பெயினில் உதவுவது கொழும்பிலோ சென்னையிலோ உதவாது. வொல்வோ போன்ற உற்பத்தியாளர்கள் தரிப்பிடக் குளிரூட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தருகின்றனர். இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக, முன்கண்ணாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் மறைப்பு, தடித்த திரை, நிழலான தரிப்பிடம் ஆகியவை அறைக்குள் வெப்பம் புகுவதையே குறைக்கும். மின்சாரப் பாரவூர்திகள் பெருகும் காலத்தில் இச்சிக்கல் தானாகவே மறையும். பல நூறு அலகு கொள்ளளவுள்ள அவற்றின் மின்கலத்தில் நான்கு அலகு என்பது ஒரு விழுக்காடு அளவுதான். ஆனால் இன்று சாலையில் ஓடும் டீசல் ஊர்திகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகின்றன.

அமெரிக்காவின் பட்டறிவும் கவனத்திற்குரியது. 2000ஆம் ஆண்டு ரெனெசி மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஐடில்எயார் என்ற நிறுவனம், தரிப்பிடங்களில் இருந்து குழாய் மூலம் குளிர்காற்றைச் சாரதி அறையின் சாளரத்திற்கே கொண்டுவந்து தந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பரவிய அந்நிறுவனம் 2008இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதே 2008ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியா மாநிலம், உறங்கும் வசதி கொண்ட பாரவூர்திகளும் ஐந்து நிமிடத்திற்கு மேல் சும்மா ஓடக்கூடாது என்று விதித்தது. அதன் பின்னர் சிறு துணை இயந்திரங்களையும், பின்னாளில் மின்கலக் குளிரூட்டிகளையும் ஊர்தியிலேயே பொருத்தும் வழக்கம் வலுப்பெற்றது. சாரதி எங்கே நிற்பார் என்பதை முன்கூட்டியே அறிய முடியாத தொழிலில், தீர்வு தரிப்பிடத்தில் இருப்பதைவிட ஊர்தியோடு கூடவே செல்வது நலம் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

இங்கே ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். குளிர்காலத்து இரவிற்கான தீர்வு ஐரோப்பாவில் எப்போதோ வந்துவிட்டது. இயந்திரம் நின்றிருக்க, மணிக்குக் கால் லீற்றர் டீசல்கூட எரிக்காமல் அறையைச் சூடாக்கும் சிறு கருவி, உறங்கும் வசதியுள்ள ஊர்திகளில் வழமையான பொருளாகிவிட்டது. அதனைச் சொகுசு என்று எவரும் சொல்வதில்லை. குளிரில் உறைவது ஆபத்து என்று ஏற்றுக்கொண்ட உலகம், வெப்பத்தில் வேகுவதை இன்னமும் வசதிக் குறைவு என்றே கருதுகின்றது. மாற வேண்டியது இந்தக் கருத்துத்தான். தரிப்பிடக் குளிரூட்டி சொகுசுப் பொருள் அன்று. அது தடுப்புக்கருவி போன்று, இருக்கைப்பட்டி போன்று, ஊர்தியின் ஓர் உறுப்பு.

அவ்வாறெனில் செலவு யாருடையது என்ற கேள்விக்கும் விடை தெளிவாகின்றது. சாரதியின் கைக்காசில் இருந்து வாங்கிப் பூட்டவேண்டிய பொருளன்று அது. ஊர்தியின் உரிமையாளரும், அவரது சேவையைப் பெறும் வணிகரும் பகிர வேண்டிய செலவு. ஒருகாலத்தில் உணவகங்களின் பின்னறைகளில் பாத்திரம் கழுவியும் சரக்குத் தூக்கியும் வாழ்வைத் தொடங்கிய தமிழர்கள், இன்று மொத்த வணிகர்களாகவும் போக்குவரத்து உரிமையாளர்களாகவும் தொழில் தருநர்களாகவும் உள்ளனர். அவர்களுக்கு ஓடும் சாரதிகளுள் தமிழரும் உண்டு; போலந்து, ருமேனியா நாட்டவரும் உண்டு. எந்த மொழி பேசினாலும் வேர்வை ஒன்றுதான். தொழிலாளியாக இருந்தபோது எதிர்பார்த்த மதிப்பை முதலாளியானபின் வழங்குவதே ஒரு சமூகம் வளர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று.

லாச்சப்பல் வணிகர்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. ஒன்று, சரக்கு இறக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுத்து, அந்நேரத்தில் ஆட்களை ஆயத்தமாக வைத்திருத்தல். காத்திருப்புக் குறைந்தால் புகையும் குறையும். இரண்டு, வடபுறநகர்க் களஞ்சியங்களில் ஊர்திகளுக்கு மின் இணைப்பு வசதி ஏற்படுத்துதல். குளிர்சாதனப் பெட்டி பூட்டிய ஊர்திகளில் பலவற்றின் குளிர்விப்பு இயந்திரத்தை மின்னிணைப்பிலும் ஓட்டலாம்; தேவையானது ஒரு மின்துளை மட்டுமே. மூன்று, போக்குவரத்து ஒப்பந்தம் செய்யும்போது, ஊர்தியில் தரிப்பிடக் குளிரூட்டி உண்டா என்று கேட்டல். விலையை மட்டும் கேட்கும் வணிகனுக்கு விலையில் மட்டுமே போட்டி கிடைக்கும். வசதியையும் கேட்கும் வணிகனுக்கு வசதியும் கிடைக்கும். நான்கு, கோடை இரவில் வந்து இறங்கும் சாரதிக்குக் குளிர்ந்த நீரும் கழிப்பறையும் தரல். இதற்குச் சட்டமும் வேண்டாம், முதலீடும் வேண்டாம்.

இச்சிக்கல் ஐரோப்பாவோடு முடிவதுமன்று. இந்தியாவில், 2025 அக்டோபர் முதலாம் நாளில் இருந்து உற்பத்தியாகும் மூன்றரைத் தொன்னிற்கு மேற்பட்ட சரக்கு ஊர்திகளின் சாரதி அறைகளில் குளிரூட்டி கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. எண்ணூரிலும் ஓசூரிலும் ஒரகடத்திலும் ஊர்தி உருவாக்கும் தமிழகத்திற்கும், பாரவூர்தித் தொழிலையே நம்பி வாழும் நாமக்கல் மாவட்டத்திற்கும் இது பெரும் மாற்றம். வரவேற்கத்தக்க மாற்றமும்கூட. ஆனால் அந்தக் குளிரூட்டி இயந்திரத்தைக் கொண்டே ஓடுமாயின், பரிசின் தரிப்பிடத்தில் இன்று கேட்கும் உறுமல் நாளை நாமக்கல்லின் சாலையோரங்களிலும் கேட்கும். ஓடும்போது குளிர்ந்திருந்து பழகிய சாரதி, நிற்கும்போது வேகச் சம்மதிக்க மாட்டார். இரவு முழுவதும் டீசல் எரியும். இயந்திரம் நின்றபின்னும் இயங்கும் குளிரூட்டியைத் தொடக்கத்திலேயே விதியாக்கினால், ஐரோப்பா தாண்டி வந்த தவறை இந்தியா தாண்டவே வேண்டியிருக்காது. அங்குள்ள ஊர்தி உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதனை இப்போதே வலியுறுத்துதல் நன்று.

தண்டம் விதிப்பதால் மட்டும் இயந்திரங்கள் ஓயப்போவதில்லை. அனுதாபம் காட்டுவதால் மட்டும் சாரதிகள் உறங்கப்போவதுமில்லை. நான்கு அலகு மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு பெட்டியும், அதற்கு விலை கொடுக்கும் மனமும் இருந்தால் இரண்டும் நடக்கும். லாச்சப்பலில் வாங்கும் முருங்கைக்காயின் விலையில், அதனைக் கொண்டுவந்தவரின் ஒரு நல்ல உறக்கத்திற்கான சில சதங்களும் சேர்ந்திருக்கட்டும். புகையையும் வேர்வையையும் விலையாகக் கொடுத்து மலிவாக வாங்குவதைவிட, அது மேலானது.